சோற்றோடு பேசும் பாத்திரம்

எங்கள் கொங்கு நாட்டில் பாத்திரத்துக்குப் போசி என்று பெயர். கையில் தூக்கிக்கொண்டு போகிறபடி பிடி வைத்திருந்தால் அது தூக்குப்போசி. தோட்டத்தில் வேலை செய்கிறவர்களுக்குக் கம்மஞ்சோறும் மோரும் போனது அதில்தான். கோயமுத்தூர் மில்களுக்கு ஷிப்டு வேலைக்குப் போனவர்கள் சாப்பாடு கொண்டுபோனதும் அதில்தான். என் பாட்டி வீட்டில் இருந்தவை பெரும்பாலும் அனுப்பர்பாளையத்துப் பித்தளை. திருப்பூருக்குப் பக்கத்தில் இருக்கும் அந்த ஊரில் பாத்திரம் அடிக்கிற சத்தம் இன்றைக்கும் ஓயவில்லை.

வருஷத்துக்கு ஒரு முறையாவது ஈயம் பூசுகிறவர் தெருவில் குரல் கொடுத்துக்கொண்டு வருவார். குழி தோண்டிக் கரி போட்டுத் துருத்தி வைத்து ஊதுவார். பாத்திரம் பழுக்கச் சூடானதும் நவச்சாரத்தைத் தூவி, ஈயத்தை ஒரு இழுப்பு இழுத்துத் துணியால் துடைப்பார். கறுத்துக் கிடந்த போசியின் உட்புறம் நிலா வெளிச்சம் மாதிரி பளிச்சென்று ஆகிவிடும். குழந்தைகளான எங்களுக்கு அது வேடிக்கை. பாட்டிக்கு அது வேடிக்கை அல்ல. பூச்சுப் போன பித்தளையில் புளிக்குழம்பையோ மோரையோ ஊற்றினால் களிம்பு ஏறும், சாப்பிட்டவர்களுக்கு வாந்தி வரும் என்று அவளுக்குத் தெரியும். எதை எதில் வைக்கலாம், எவ்வளவு நேரம் வைக்கலாம் என்பதெல்லாம் அவளுக்கு மனப்பாடம். எழுதப் படிக்கத் தெரியாத அவளுக்குப் பாத்திரமும் சோறும் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் என்கிற ரசாயனம் தெரிந்திருந்தது.

பழைய காலத்துப் பாத்திரமெல்லாம் பத்தரைமாற்று என்று சொல்ல நான் வரவில்லை. வெள்ளீயத்துக்கும் காரீயத்துக்கும் நாம் ஈயம் என்று ஒரே பெயரைத்தான் வைத்திருக்கிறோம். பூசுகிற ஈயத்தில் காரீயம் கலந்திருந்தால் அது குழந்தையின் மூளைக்கே கேடு. ஆகவே பாட்டிக்கும் தெரியாத ஆபத்துகள் இருந்தன. ஆனால் பாத்திரத்தைச் சந்தேகப்படுகிற பழக்கம் அவளிடம் இருந்தது. அந்தப் பழக்கத்தை நாம் எப்போது விட்டோம் என்று யோசித்துப் பார்த்தால், பிளாஸ்டிக் அடுக்களைக்குள் நுழைந்தபோதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. துருப்பிடிக்காது, களிம்பு ஏறாது, உடையாது, கனக்காது. இதைவிடச் சாதுவான பாத்திரம் உண்டா? ஊமைப் பாத்திரம் கிடைத்துவிட்டது என்று நிம்மதியாக இருந்துவிட்டோம்.

போன வருஷம் என் தாயார் காங்கயத்துப் பக்கமிருந்து எங்கள் வீட்டுக்கு வந்து ஒரு மாதம் தங்கியிருந்தாள். என் பையன் மூன்றாம் வகுப்பு. பள்ளிக்கூடத்தில், எடை குறைந்த டப்பாவாக, கசியாததாகக் கொடுத்தனுப்புங்கள் என்று சொல்லியிருந்தார்கள். கடையில் அப்படிக் கிடைத்ததெல்லாம் மூடியில் கார்ட்டூன் பொம்மை ஒட்டிய பிளாஸ்டிக் டப்பாக்கள்தாம். காலை ஏழரை மணிக்கு அரிசிம்பருப்புச் சாதத்தைக் குக்கரிலிருந்து எடுத்து, ஆவி பறக்க டப்பாவில் போட்டு, மேலே நெய் விட்டு மூடினேன். பக்கத்தில் நின்றிருந்த அம்மா டப்பாவை வாங்கி முகர்ந்து பார்த்தாள்.

"ஏனம்மிணி, சுடுசோத்த இதுலயா போடோணும்? பொம்மைக் கடைக்குள்ள பூந்தாப்பல வாசம் அடிக்குது. தூக்குப்போசி எங்க போச்சு?"

"பள்ளிக்கூடத்துல இதத்தான் கேக்கறாங்கம்மா."

"அவிங்க கேப்பாங்க. திங்கறது நம்ம பையனல்லோ?"

அம்மாவின் மூக்குக்கு எட்டிய வாசனைக்கும் நான் சொல்லப்போகிற விஷயத்துக்கும் நேரான சம்பந்தம் இல்லை. நான் சொல்லப்போகிற சாமான்களுக்கு வாசனை என்று சொல்லும்படி ஒன்றும் கிடையாது, ருசியும் கிடையாது. ஆனாலும் அவள் கேட்ட கேள்வி சரியான கேள்வி. அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு சில மாதங்கள் படித்தேன். கதை எழுதுகிறவளுக்கு ரசாயனம் எதற்கு என்று கேட்கலாம். நான் படித்ததில் பாதி, எந்தக் கதாசிரியரும் கற்பனை செய்யத் துணியாத கதை.

பிஸ்பினால் ஏ என்று ஒரு ரசாயனம். 1891-ல் அலெக்ஸாந்தர் தியானின் என்ற ருஷ்ய விஞ்ஞானி அதை முதன்முதலாகச் செய்தார். செய்து வைத்ததோடு சரி. அதனால் என்ன பிரயோஜனம் என்று யாருக்கும் தெரியவில்லை. நாற்பத்தைந்து வருஷம் கழித்து, 1936-ல், லண்டனில் எட்வர்ட் சார்லஸ் டாட்ஸ் என்ற வைத்திய விஞ்ஞானி பெண்மைச் சுரப்பான ஈஸ்ட்ரஜனுக்குப் பதிலாக ஒரு செயற்கை மருந்தைத் தேடிக்கொண்டிருந்தார். அவர் பரீட்சை செய்தவற்றில் இந்தப் பிஸ்பினால் ஏயும் ஒன்று. அது ஈஸ்ட்ரஜனைப் போல வேலை செய்யத்தான் செய்தது. ஆனால் பலம் போதவில்லை. 1938-ல் அவருக்கு அதைவிட வீரியமான வேறொன்று கிடைத்தது. டி.இ.எஸ். என்று அதற்குப் பெயர். கருச்சிதைவைத் தடுக்கும் என்று நம்பி அமெரிக்காவில் லட்சக்கணக்கான கர்ப்பிணிகளுக்கு அதைக் கொடுத்தார்கள். தாய்மாருக்கு உடனே ஒன்றும் தெரியவில்லை. 1971-ல் பாஸ்டன் நகரத்து டாக்டர்கள், அந்தத் தாய்மாரின் பெண்களுக்குப் பதினைந்து, இருபது வயதில் மிக அபூர்வமான ஒரு புற்றுநோய் வருவதைக் கண்டுபிடித்தார்கள். தாய் சாப்பிட்ட மாத்திரைக்குக் கருவில் இருந்த மகள் பலன் அனுபவித்தாள்.

போட்டியில் தோற்ற பிஸ்பினால் ஏ என்ன ஆயிற்று? 1953-ல் ஜெர்மனியில் பேயர் கம்பெனியாரும் அமெரிக்காவில் ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனியாரும் தனித்தனியே அதை மூலப்பொருளாக வைத்து ஒரு புதிய பிளாஸ்டிக் செய்தார்கள். கண்ணாடி போலத் தெளிவு, கீழே போட்டாலும் உடையாது. அதுதான் பாலிகார்பனேட். குழந்தைகளின் பாலூட்டும் புட்டிகள் அதில் வந்தன. தகர டின்களின் உட்புறப் பூச்சிலும் பிஸ்பினால் ஏ சேர்ந்தது. நம் வீட்டு வாசலில் வந்து இறங்கும் இருபது லிட்டர் தண்ணீர்க் கேன்களிலும் பல அதே பாலிகார்பனேட்தான். சிறுவாணித் தண்ணீரின் ருசியைப் பற்றி ஊருக்கெல்லாம் பெருமை பேசுகிற நாம், வெயிலில் லாரியில் நின்று வருகிற கேனைப் பற்றி ஒன்றும் கேட்பதில்லை. மருந்தாகப் பரீட்சிக்கப்பட்டு, சுரப்பு போல வேலை செய்யும் என்று எழுதி வைக்கப்பட்ட ஒன்று, பதினேழு வருஷம் கழித்துப் பாத்திரத்துக்குள் குடிபுகுந்தது. யாரும் ரகசியமாகச் செய்யவில்லை. பிளாஸ்டிக்கில் கட்டுண்டு கிடப்பது சோற்றுக்கு வராது என்று நினைத்தார்கள்.

வரும். சூடு பட்டால் வரும். எண்ணெயும் நெய்யும் பட்டால் சில ரசாயனங்கள் இன்னும் சுலபமாக வரும். தேய்த்துத் தேய்த்துக் கீறல் விழுந்தால் வரும். 1998-ல் அமெரிக்காவில் பட்ரீஷியா ஹன்ட் என்ற விஞ்ஞானி பெண் எலிகளின் கருமுட்டைகளை ஆராய்ந்துகொண்டிருந்தார். ஒரு விதமான குறையும் இல்லாத எலிகளின் முட்டைகள் திடீரென்று ஏராளமாகக் கெட்டுப்போயின. காரணம் தெரியாமல் தவித்தார். கடைசியில் தெரிந்தது: தற்காலிகமாக வேலைக்கு வந்த ஓர் ஆள், தரை கழுவுகிற காரமான சோப்பைக் கொண்டு எலிக்கூண்டுகளைக் கழுவிவிட்டார். கூண்டுகள் பாலிகார்பனேட். அவை அரிபட்டுப் பிஸ்பினால் ஏ கசிந்து எலிகளுக்குள் போயிருக்கிறது. இதை 2003-ல் பிரசுரித்தார்.

சுரப்பு என்பது எவ்வளவு சிறிய அளவில் வேலை செய்கிறது என்று தெரிந்தால்தான் இதன் தீவிரம் புரியும். ஒரு சின்னப் பெண் குழந்தையின் ரத்தத்தில் ஈஸ்ட்ரஜன் இருப்பது ஒரு மில்லிக்கு, ஒரு கிராமின் லட்சம் கோடியில் சில பங்கு. அந்தச் சொற்ப அளவைக் கொண்டுதான் உடம்பு, எப்போது வளரவேண்டும், எப்போது பருவம் அடையவேண்டும், எப்போது நிற்கவேண்டும் என்றெல்லாம் தீர்மானிக்கிறது. பூட்டுக்கு ஏற்ற சாவி சுரப்பு. அதே மாதிரி வடிவத்தில் இன்னொரு சாவி வந்து நுழைந்தால், பூட்டு தவறான வேளையில் திறந்துவிடும். அல்லது அசல் சாவி நுழைய இடம் இல்லாமல் போகும். பெரியவர்களுக்கு இது ஓரளவு சமாளிக்கக்கூடிய தொந்தரவு. கட்டி முடித்த வீட்டில் யாராவது தவறாக மணி அடிப்பது போல. குழந்தை இன்னும் கட்டிக்கொண்டிருக்கிற வீடு. அது தன் எடைக்குத் தக்கபடி பார்த்தால் நம்மைவிட அதிகம் சாப்பிடுகிறது, அதிகம் தண்ணீர் குடிக்கிறது. கைக்குக் கிடைத்ததையெல்லாம் வாயில் வைத்துச் சப்புகிறது.

மாசி மாதம் கோனியம்மன் தேர்த் திருவிழாவில் கடை வீதியெல்லாம் பொம்மைகள் தொங்கும். தொட்டால் மெத்து மெத்தென்று இருக்கிற பொம்மைகளில் பல பி.வி.சி. பிளாஸ்டிக். பி.வி.சி. தானாக மெத்தென்று இராது; முரடாகத்தான் இருக்கும். அதை இளக்குவதற்குத் தாலேட் என்ற எண்ணெய் போன்ற ரசாயனங்களைச் சேர்ப்பது வழக்கம். பிஸ்பினால் பெண்மைச் சுரப்பைப் போல நடிக்கும் என்றால், தாலேட்டுகளில் சில ஆண்மைச் சுரப்பின் வேலையைத் தடுக்கும். ஐரோப்பாவில் 1999-ல் குழந்தை வாயில் வைக்கும் பொம்மைகளில் இவற்றுக்குத் தற்காலிகத் தடை போட்டு, 2005-ல் நிரந்தரம் ஆக்கினார்கள். நம் நாட்டிலும் பொம்மைகளுக்கான தரக் கட்டுப்பாட்டு உத்தரவு 2020-ல் பிறந்து, 2021 ஜனவரி 1 முதல் அமலில் இருக்கிறது. தாலேட்டுக்கான தர விதியும் அதில் அடக்கம். ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லாத பொம்மையை விற்கக்கூடாது. திருவிழாக் கடையில் பொம்மை வாங்கும்போது அந்த முத்திரையைத் தேடிப் பாருங்கள். எத்தனை பொம்மைகளில் அது இருக்கிறது என்று நீங்களே எண்ணிக்கொள்ளலாம்.

அம்மா ஊருக்குப் போன பிறகு டவுன்ஹால் பக்கம் ஒரு பாத்திரக் கடைக்குப் போனேன். கடைப் பையன் டப்பா ஒன்றை எடுத்து வைத்தான்.

"இது பி.பி.ஏ. இல்லாததுங்கக்கா. தைரியமா வாங்கீட்டுப் போங்க."

"பி.பி.ஏ.ன்னா என்ன தம்பி?"

"அது என்னன்னு தெரியாதுங்கக்கா. ஆனா அது இதுல இல்லீங்க."

அவன்மேல் தப்பில்லை. பி.பி.ஏ. என்றால் நான் மேலே சொன்ன பிஸ்பினால் ஏதான். ஜனங்கள் அதன் பெயரைக் கேட்டுப் பயந்ததும், பல உற்பத்தியாளர்கள் அதை எடுத்துவிட்டு அதன் தாயாதிகளான பிஸ்பினால் எஸ், பிஸ்பினால் எப் முதலியவற்றைப் போட்டார்கள். அட்டையில் எழுதியது பொய்யில்லை. ஆனால் பட்ரீஷியா ஹன்டுக்கு இருபது வருஷம் கழித்து மறுபடியும் எலிகளில் அதே விபரீதம் நேர்ந்தது. இந்தத் தடவை கூண்டுகள் மாற்றுப் பிளாஸ்டிக்கில் செய்தவை. கசிந்தது பிஸ்பினால் எஸ். 2018-ல் அதையும் பிரசுரித்தார்.

நியாயமாகச் சொல்லவேண்டும் என்றால், என் பையனின் டப்பா பாலிகார்பனேட் அல்ல. அடியில் முக்கோணத்துக்குள் 5 என்று போட்டிருந்தது. அது பாலிபுரொப்பிலீன், இருக்கிறவற்றில் சாது. ஆனால் அந்தச் சாதுவும் முழு ஊமை அல்ல. 2020-ல் டப்ளின் நகரத்து டிரினிட்டி காலேஜ் ஆய்வாளர்கள், பாலிபுரொப்பிலீன் பாலூட்டும் புட்டிகளில் வெந்நீர் ஊற்றிப் பால் கலக்குகிறபடியே செய்து பார்த்தார்கள். ஒரு லிட்டருக்கு 1 கோடியே 62 லட்சம் வரை நுண்ணிய பிளாஸ்டிக் துகள்கள் உதிர்ந்தன. சூடு ஏற ஏறத் துகளும் ஏறியது. அதே வருஷம் கரக்பூர் ஐ.ஐ.டி.யார் காகிதக் கோப்பையில் சுடச்சுட 100 மில்லி ஊற்றிப் பதினைந்து நிமிஷம் வைத்துப் பார்த்ததில் ஏறத்தாழ 25,000 துகள்கள். காகிதக் கோப்பைக்கு உள்ளே பூசியிருப்பது பிளாஸ்டிக்தானே! 3, 6, 7 என்ற எண்கள் போட்ட பிளாஸ்டிக்கைக் கூடியமட்டும் தவிர்க்கும்படியும், எந்தப் பிளாஸ்டிக்கிலும் உணவைச் சூடாக்காமல் இருக்கும்படியும் அமெரிக்கக் குழந்தை வைத்தியர்கள் சங்கம் 2018-ல் பெற்றோருக்குச் சொன்னது.

எங்கள் தெருவில் ஒரு பெண்மணி. அவளுடைய மகள் ஒன்பது வயதில் பெரியவளாகிவிட்டாள். திரட்டிச் சீருக்கு வந்த உறவுக்காரர்கள் கோழிக்கறி என்றார்கள், பால் என்றார்கள், கடைசியில் யாரோ பிளாஸ்டிக் டப்பா என்று சொல்லிவிட்டார்கள். எல்லோரும் போன பிறகு அவள் என்னிடம் வந்து, "ஏனுங்கக்கா, நானே எம் புள்ளைக்கு வெசம் வெச்சுட்டனுங்களா?" என்று கேட்டு அழுதாள்.

இல்லை என்று சொன்னேன். ஆறுதலுக்காகச் சொல்லவில்லை, அதுதான் வாஸ்தவம். உலகம் பூராவும் பெண் குழந்தைகளிடம் பருவத்தின் முதல் அடையாளம் 1977 முதல் 2013 வரை பத்தாண்டுக்கு ஏறத்தாழ மூன்று மாதம் வீதம் முந்தி வந்திருக்கிறது என்று 2020-ல் டென்மார்க் ஆய்வாளர்கள் பல நாட்டுக் கணக்குகளைத் தொகுத்துக் காட்டினார்கள். அதற்கு உடல் எடை ஒரு காரணம், பரம்பரையும் உண்டு. ரசாயனங்கள்மேல் சந்தேகம் இருக்கிறது, தீர்ப்பு ஆகவில்லை. இந்தக் குழந்தைக்கு இந்த டப்பாவால் இது வந்தது என்று உலகத்தில் எந்த டாக்டராலும் சொல்ல முடியாது.

அவளை அனுப்பிவிட்டு யோசித்தபோதுதான் எனக்குக் கோபம் வந்தது. நிரூபிக்க முடியாது என்கிற அதே காரணம் விற்கிறவனுக்கு நிம்மதியைக் கொடுக்கிறது. வாங்கின தாய்க்கு அழுகையைக் கொடுக்கிறது. எதில் என்ன கலந்திருக்கிறது என்று செய்கிறவனுக்குத் தெரியும். விற்கிற பையனுக்குத் தெரியாது. வாங்குகிறவளுக்குத் தெரிய வழியே இல்லை. ஆனால் ஜாக்கிரதையாக இருக்கவேண்டிய பொறுப்பு மட்டும் அவள் தலையில்!

நம் சர்க்கார் ஒன்றும் செய்யவில்லை என்று சொல்லமாட்டேன். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் ஒரு முறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் சாமான்கள் பதினான்குக்குத் தடை. சாம்பார் கட்டுகிற தாளும், பிளாஸ்டிக் பூசிய காகிதக் கோப்பையும் அந்தப் பட்டியலில் உண்டு. 2021 டிசம்பரில் மீண்டும் மஞ்சப்பை என்று இயக்கமே தொடங்கினார்கள். நல்ல காரியம். ஆனால் அந்தத் தடையின் பெயரைக் கவனியுங்கள்: எறிகிற பிளாஸ்டிக். சாக்கடை அடைக்கிறது, மாடு தின்கிறது என்பதுதான் அதன் கவலை. எறியாமல் தினமும் கழுவிக் கழுவி, கீறல் விழ விழ, சுடுசோறு போட்டுக் குழந்தைக்குக் கொடுத்தனுப்புகிற பிளாஸ்டிக்கைப் பற்றி அதில் பேச்சில்லை. எறிந்ததும் எங்கோ போய்விடவில்லை. காவிரி, வெள்ளாறு, தாமிரபரணி மூன்றின் தண்ணீரிலும் பிஸ்பினால் ஏ இருப்பதைத் திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014-லேயே பதிவு செய்திருக்கிறார்கள்.

பாலூட்டும் புட்டிகளுக்கு மட்டும் 2015-ல் நம் நாட்டுத் தர விதி பாலிகார்பனேட்டை விலக்கியது. ஐரோப்பாவும் 2011-ல் புட்டியிலிருந்துதான் ஆரம்பித்தது. அங்கே அதோடு நிற்கவில்லை. 2023-ல் ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம், ஒருவர் உடம்புக்குள் தினமும் போகலாம் என்று முன்பு சொல்லியிருந்த பிஸ்பினால் ஏ அளவை இருபதாயிரத்தில் ஒரு பங்காகக் குறைத்தது. அவ்வளவு குறைக்கவேண்டியதில்லை என்று ஜெர்மனியின் ஆராய்ச்சி நிறுவனம் ஆட்சேபித்தது. விஞ்ஞானிகள் வாதாடிக்கொண்டிருக்கும்போதே, 2024 டிசம்பரில், உணவு படுகிற சாமான்கள் எதிலும் அது கூடாது என்று ஐரோப்பிய ஒன்றியம் விதி செய்துவிட்டது. சந்தேகம் தீரும்வரை குழந்தைகளைக் காத்திருக்கச் சொல்லவில்லை. இங்கேயும் அதுதான் வேண்டும். டப்பாவிலும் தண்ணீர்ப் புட்டியிலும் என்ன கலந்திருக்கிறது என்பதை, செய்கிறவன் நம் மொழியில் எழுதி ஒட்டவேண்டும்.

இவ்வளவையும் சொல்லிவிட்டு ஒரு நல்ல சமாசாரத்தைச் சொல்லாமல் விட்டால் நான் பாவி. பிஸ்பினால் ஏ உடம்பில் தங்குவதில்லை. ஏறத்தாழ ஒரு நாளில் சிறுநீரோடு போய்விடுகிறது. தினம் தினம் புதிதாக உள்ளே வருவதால்தான் எப்போதும் இருப்பது போலத் தோன்றுகிறது. 2011-ல் அமெரிக்காவில் சான்பிரான்சிஸ்கோ வட்டாரத்தில் ஐந்து குடும்பங்களுக்கு, குழந்தைகளையும் சேர்த்து இருபது பேருக்கு, மூன்று நாள் டின்னும் பிளாஸ்டிக்கும் படாத புதிய சமையலைக் கொடுத்துப் பார்த்தார்கள். சிறுநீரில் பிஸ்பினால் ஏ சராசரி 66 சதவீதம் குறைந்தது. முக்கியமான ஒரு தாலேட் பாதிக்குமேல் குறைந்தது. மூன்றே நாள்! எங்கள் தெருப் பெண்மணியிடம் நான் விரிவாகச் சொன்னது இதைத்தான். நடந்ததை நினைத்து அழுவதைவிட, அடுத்த மூன்று நாளைப் பற்றி யோசிப்பது அவளுக்கும் பிடித்திருந்தது.

வீட்டிலுள்ள பிளாஸ்டிக்கை எல்லாம் தெருவில் வீசச் சொல்லவில்லை. அரிசி பருப்பு கொட்டி வைத்த டப்பா இருந்துவிட்டுப் போகட்டும். சுடுவதும், எண்ணெய் நெய் விட்டதும், புளித்ததும் மட்டும் பிளாஸ்டிக்கில் வேண்டாம். கடையில் சாம்பார் வாங்கப் போகும்போது தூக்குப்போசியைக் கொண்டுபோகலாம். நம் தாத்தாக்கள் வெட்கப்படாமல் கொண்டுபோனார்கள். பள்ளிக்கூடத்தார் டப்பாவின் எடையை மட்டும் கேட்காமல் அது எதனால் ஆனது என்றும் கேட்டால், ஒரே நாளில் ஐந்நூறு வீட்டில் மாறிவிடும். பாலூட்டும் புட்டியை விட்ட குழந்தை நேராக டப்பாவுக்குத்தான் வருகிறது. விதியும் அதன் பின்னாலேயே வந்தாகவேண்டும். வரும்வரை எவர்சில்வர் போசி இருக்கிறது. கொஞ்சம் கனக்கும், குழந்தைகள் தூக்கிவிடுவார்கள்.